கோட்டை ஆட்டத்தை மறுபடி வாங்குவதா

போன கோடையில் ஒரு காலை நேரம். கடையில் ஒரு சம்சாரிக்கு, காட்டுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் காட்டிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஷார்ஜாவில் கிரேன் ஓட்டும் என் கூட்டாளி ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். கீழே ஒரு வரி: "ஏலே, நம்ம கோட்டை திரும்ப வருதுடா. வாங்கிப் போடு, சேந்து ஆடுவோம்."

கோட்டை என்பது நாங்கள் வைத்த பேர். அந்த வீடியோ கேமின் இங்கிலீஷ் பேர் எங்கள் வாயில் நுழையவே இல்லை. பனி கொட்டும் நாட்டில் மலை மேல் ஒரு கோட்டை. அதைப் பிடிக்க ரெண்டு பேர் கிளம்புகிறார்கள். ஒருத்தன் கையில் கோடாலி, இன்னொருத்தன் கையில் கேடயமும் குத்துவாளும். எதிர்ப்படுகிறவனையெல்லாம் வெட்டிச் சாய்த்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். நாங்கள் பைத்தியமாக ஆடிய காலத்தில் வந்த பழைய ஆட்டம் அது. இப்போது அதையே மெருகேற்றி, படத்தைத் தெளிவாக்கி, சத்தத்தை எல்லாம் புதிதாகப் பதிந்து, மறுபடியும் விற்பனைக்கு விடுகிறார்கள்.

சம்சாரி போன பிறகு கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தேன். திரையை நடுவில் பிளந்து ஒரு பக்கம் பழைய ஆட்டம், மறுபக்கம் புது ஆட்டம் ஓடியது. பழையதில் வெட்டினால் நாலைந்து சிவப்புத் துணுக்கு பறக்கும், அவ்வளவுதான். புதியதில் ரத்தம் பனியில் விழுந்து ஆவி பறந்தது. வெட்டுப்பட்டவன் மூச்சுக்கு அலைந்தான். பல்லிடுக்கில் ரத்தம் ஊறுவது வரை தெரிந்தது. பார், எவ்வளவு தெளிவாகச் செய்திருக்கிறோம் என்று பெருமையாகக் காட்டினார்கள்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். என் இடது கை தானாகப் போய்த் தொடைக்கு அடியில் ஒளிந்திருந்தது. அந்தக் கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்காது. உள்ளங்கையின் குறுக்கே ஒரு தழும்பு ஓடும்.

எங்கள் சிநேகிதம் தொடங்கியதே அடிதடியில்தான். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடியில் கேம் சென்டர் இருந்தது. நான் காலேஜ் முடித்துவிட்டு அப்பாவின் மோட்டார் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவன் நரிக்குடிப் பக்கத்து ஊர்க்காரன். அவன் அப்பா ஒரு காலத்தில் பிறத்தியார் காட்டில் கூலிக்குப் போனவர். இவன் போர்வெல் குழாய்க்குள் மோட்டார் இறக்கும் வேலை கற்றுக்கொண்டு டவுனுக்கு வந்திருந்தான். ஒரு சீட்டுக்கு ரெண்டு பேரும் முட்டிக்கொண்டோம். அவன் என் உதட்டைக் கிழித்தான், நான் அவன் தலையைச் சுவரில் இடித்தேன். சென்டர் வைத்திருந்தவர் ரெண்டு பேர் சட்டையையும் பிடித்து இழுத்து, "ஒண்ணா உக்காந்து ஆடுறதுன்னா ஆடுங்க, இல்ல ரெண்டு பேரும் எறங்குங்க" என்றார். ரெண்டு பேர் சேர்ந்து ஆடுகிற மாதிரி அங்கே இருந்தது கோட்டை மட்டும்தான். உதட்டில் ரத்தத்தோடு உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது கூட்டாளியாகியிருந்தோம்.

அவன் கோடாலிக்காரன், நான் கேடயக்காரன். எதிரி நல்ல வெட்டு வாங்கினால் முழங்கால் மடங்கி உட்காருவான். அப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் கடைசி வெட்டு. அதற்கென்று தனிச் சத்தம் உண்டு. அந்தச் சத்தம் கேட்டால் சென்டரில் இருக்கிற அத்தனை பேரும் விசிலடிப்பார்கள். நானும் அடித்திருக்கிறேன்.

பிறகு எங்கள் கடையில் மோட்டார் வாங்குகிறவர்களுக்கு அவனையே இறக்கிக் கொடுக்க அனுப்பினேன். சில நாள் நானும் கூடப் போவேன். எங்கள் வீட்டில் அவனைக் கடை வரைக்கும்தான் தெரியும்.

அந்த நாளும் அப்படித்தான் போனோம். திருச்சுழிப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டாரை இறக்கிவிட்டு, திரும்பி வரும் வழியில் ரோட்டோரம் டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. கடையைச் சுற்றிச் சீமைக்கருவேலம். பெஞ்சில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஓரமாக நகர்ந்தார்.

"உக்காருங்க தம்பி. மோட்டார் வேலையா?"

"ஆமாண்ணே."

"தண்ணி கெடக்கா அங்கிட்டு?"

"கெடக்கு. உப்பாத்தான் வருது."

"இங்க எங்க தோண்டுனாலும் உப்புதான்" என்று சிரித்தார். அவர் எங்களோடு பேசியது அவ்வளவுதான்.

ரெண்டு பைக்கில் மூன்று பேர் வந்தார்கள். முகத்தில் துண்டு சுற்றியிருந்தது. வெயிலுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். வண்டியை நிறுத்தாமல் அப்படியே சாயவிட்டு இறங்கியபோதுதான் கையில் அரிவாள் தெரிந்தது.

முதல் வெட்டு அவர் தோளில் விழுந்தது. அவர் "ஏய்" என்றார். யாரோ விளையாட்டாகத் தட்டிவிட்ட மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. ரெண்டாவது வெட்டு வரும்போது என் கை மேலே போனது. தைரியம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அரிவாள் என் முகத்துக்கு நேராக வந்தது, கை போனது. உள்ளங்கையில் ஏதோ சூடாக ஊற்றியது போல இருந்தது. பிறகுதான் பார்த்தேன், ரெண்டு விரல் தொங்கியது.

நான் கீழே விழுந்தேன். விழுந்தபடி பார்த்தேன். கூட்டாளி ஓடினான். எங்கள் வண்டி நின்ற பக்கம் ஓடினான். விட்டுவிட்டுப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

அவர்கள் வெட்டியதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதில் ஒரு ஒழுங்கும் இல்லை. பாதி வெட்டு பெஞ்சில் விழுந்தது. ஒருத்தன் கடைத் தூணை வெட்டிவிட்டு, மாட்டிக்கொண்ட அரிவாளைப் பிடுங்க முடியாமல் காலை ஊன்றி இழுத்தான். ஒருத்தன் கொட்டிய டீயில் வழுக்கி விழுந்து, எழுந்து, விழுந்த கோபத்தையும் சேர்த்து அவர் மேல் காட்டினான். நனைந்த சாக்கைத் தடியால் அடிக்கிற மாதிரி மந்தமான சத்தம். அவர் எழுந்து ரோட்டுப் பக்கம் நாலு எட்டு வைத்தார். முழங்கால் மடங்கி உட்கார்ந்தார். ஒரு கையைத் தூக்கி, "போதும்ப்பா" என்றார். கெஞ்சவில்லை. பந்தியில் இலைக்கு மேல் கையை நீட்டிச் சொல்லுவோமே, அப்படிச் சொன்னார். பின்னாலிருந்து ஒருத்தன் கழுத்தில் போட்டான்.

அப்போதுதான் கூட்டாளி வந்தான். ஓடியது வண்டியில் இருந்த பைப்பு ரெஞ்சை எடுக்கத்தான். மோட்டார் குழாய் முடுக்குகிற கனத்த ரெஞ்சு. முதலில் நின்றவனின் தாடையில் அடித்தான். எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. அவன் துண்டு அவிழ்ந்து விழுந்தது. அடுத்தவன் என் பக்கம் திரும்பி அரிவாளை ஓங்கியபோது அவன் தோள்பட்டையில் ரெஞ்சு இறங்கியது. அரிவாள் கீழே விழுந்தது. அவன் துண்டையும் கூட்டாளியே பிடித்து இழுத்தான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் ஓடினான். மூன்றாவது ஆள் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தாடை உடைந்தவன் எழுந்திருக்கவில்லை. கூட்டாளி அவனை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தான். நான்தான், "ஏலே, போதும்டா, செத்துருவான்" என்று கத்தினேன். அவன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் நான் யாரென்றே அவனுக்குத் தெரியவில்லை.

டீ மாஸ்டர் அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கூட்டாளி தன் துண்டை என் கையில் இறுக்கிக் கட்டினான். ஆம்புலன்ஸ் வரும்வரை நாங்கள் மூன்று பேரும் வரிசையாகக் கிடந்தோம். நான், செத்தவர், அவரைக் கொன்றவன்.

மதுரை ஆஸ்பத்திரியில் விரலைத் தைத்துச் சேர்த்தார்கள். நரம்பு கூடவில்லை. போலீஸ் வார்டுக்கு வந்து கேட்டுப் போனது. அப்புறம்தான் தெரிந்தது, செத்துப்போனவர் தன் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த ஒரு வெட்டுக்குச் சாட்சி. கோர்ட்டில் போய்ச் சொன்னவர். அதற்காகத்தான் அவரை முடித்தார்கள். இப்போது அவர் கொலைக்கு நாங்கள் சாட்சி.

அப்பா கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "பாக்கலைன்னு சொல்லிருய்யா. துண்டு கட்டியிருந்தானுக, மொகம் தெரியலைன்னு சொல்லு. அது பொய்யும் இல்லல்ல?"

அப்பா சொன்னதை நான் கூட்டாளியிடம் சொன்னேன். அவன், "அந்தாளு நமக்கு எடம் விட்டு நகந்து உக்காந்தாருடா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. சாட்சி சொல்வது என்று முடிவெடுக்க, அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

கேஸ் நடந்த காலமெல்லாம் எங்கள் தெருவில் யாரும் எங்களைத் தொடவில்லை. கடை வைத்திருக்கிறவன், வியாபாரிகள் சங்கத்து ஆட்கள் கேட்பார்கள், அந்தப் பயம். எல்லாம் அவன் வீட்டில்தான் விழுந்தது. விடிந்து பார்த்தால் அவர்கள் ஆடு அத்தனையும் கழுத்தறுத்து வாசலில் வரிசையாகக் கிடத்தியிருந்தது. குட்டிகளைக்கூட விடவில்லை. அடுத்து அவன் பைக்கைக் கொளுத்தினார்கள். கடைசியாக, ரேஷன் கடையிலிருந்து வந்துகொண்டிருந்த அவன் அப்பாவைக் கண்மாய்க்கரையில் மறித்து, இரும்புக் கம்பியால் காலை அடித்து முறித்தார்கள். ரேஷன் அரிசி கரை முழுக்கச் சிந்திக்கிடந்தது. மனுஷன் வலியில் கத்திக்கொண்டே அரிசியைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தாராம். அவன் அம்மா ஆஸ்பத்திரி வாசலில் வைத்து என் அப்பாவிடம் கேட்டார்கள்: "ஒங்க பிள்ளையும் சொல்றாகளா அய்யா, இல்ல எங்க பிள்ளை மட்டுந்தானா?" அப்பா வீட்டுக்கு வந்து, "போய்ச் சொல்லிட்டு வா" என்றார்.

ரெண்டு பேரும் சொன்னோம். எதிர்த்தரப்பு வக்கீல் எங்களைப் பற்றி விசாரித்து வந்திருந்தார். "நீங்க ரெண்டு பேரும் எந்நேரமும் வெட்டுக்குத்து வீடியோ கேம் ஆடுறவங்கதானே? அதுல பாத்ததைத்தானே இங்க வந்து சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டார். கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். "அதுல வெட்டுறவனுக்குக் குறி தப்பாது சார். இவங்க தூணை எல்லாம் வெட்டுனாங்க" என்றேன். நீதிபதி நிமிர்ந்து பார்த்துவிட்டு, வக்கீலை மேற்கொண்டு கேட்கச் சொன்னார். துண்டு அவிழ்ந்த ரெண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. மூன்றாவது ஆளை அடையாளம் சரியாகச் சொல்லவில்லை என்று விட்டுவிட்டார்கள். அவனை இன்றைக்கும் டவுனில் பார்க்கிறேன். ஒருமுறை பழக்கடையில் என் பக்கத்தில் நின்று கொய்யாப்பழம் பொறுக்கினான்.

தீர்ப்பு வந்ததும் கூட்டாளி குடும்பத்தைத் தங்கச்சி வீட்டுக்கு மாற்றிவிட்டு ஷார்ஜாவுக்குப் போனான். போனில் தினமும் பேசுவோம். கிரேன், சாப்பாடு, மழை, அவன் அப்பாவின் கால். டீக்கடையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேம் சென்டர் எப்போதோ மூடிப்போய், அந்த மாடியில் டியூஷன் நடக்கிறது. கோட்டையைப் பற்றியும் நாங்கள் பேசியதில்லை, அந்த வீடியோ வரும்வரை.

வாங்குவதற்குக் காசு ஒரு பிரச்சினை இல்லை. வீட்டில் லேப்டாப் இருக்கிறது. ஆடுவதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். "வாங்குறேன்" என்று சொல்லவும் முடியவில்லை, "வேண்டாம்" என்று சொல்லவும் முடியவில்லை. அவன் தினமும் கேட்டான். "ஆபர் போட்டிருக்கான்டா." "பழசுல இல்லாத ரெண்டு மலை சேத்திருக்கான்டா." நான் கரண்ட் இல்லை, கடையில் லோடு இறங்குகிறது என்று ஏதாவது சொல்லித் தள்ளினேன்.

மனைவியிடம் வீடியோவைக் காட்டினேன். கல்யாணம் அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் நடந்தது. கையைப் பார்த்து, கதையைக் கேட்டு, தெரிந்தேதான் கட்டிக்கொண்டாள். வீடியோவைக் கடைசிவரை பார்த்துவிட்டு, "இதைக் காசு குடுத்து வேற பாக்கணுமா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்தண்ணன் ஆசையாக் கேக்குறாகளே, அதையும் தட்ட முடியாதுல்ல" என்றாள். அவளுக்கும் ரெண்டு பக்கமும் இழுத்தது.

வாங்குகிறதுக்கு முன்னால் கொஞ்சம் ஆடிப் பார்க்கலாம் என்று ஒரு பகுதியை மட்டும் இலவசமாக விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பனி, காற்று, கோட்டைக் கதவு. கை பழைய பழக்கத்தில் தானாக ஓடியது. முதல் ஆளைத் தடுத்தேன், குத்தினேன். ரெண்டாவது ஆள் மூன்று வெட்டில் முழங்கால் போட்டான். பழைய ஆட்டத்தில் அவனுக்கு முகம் இல்லை, இரும்புத் தொப்பிக்குள் கறுப்பு மட்டும்தான். இப்போது தொப்பி கழன்று விழுந்தது. நரைத்த தாடி. கையைத் தூக்கி ஏதோ சொன்னான். என்ன பாஷையோ தெரியாது. எனக்கு அது "போதும்ப்பா" என்றுதான் கேட்டது.

கடைசி வெட்டுக்கான பொத்தான் திரையில் மின்னி மின்னிக் கூப்பிட்டது. நான் அழுத்தவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மடங்காத விரல் ரெண்டிலும் சுரீரென்று ஏதோ ஓடியது. அந்த நேரம் பார்த்து, பின்னாலிருந்து யாரோ என் தோளில் கை வைத்தார்கள்.

திரும்பி, முழங்கையை வீசினேன். முழு பலத்தோடு.

மனைவி சுவரில் மோதி உட்கார்ந்தாள். காபித் தம்ளர் உருண்டது. உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் இறங்கி நைட்டியில் சொட்டியது. அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, "நான்தாங்க, நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஹெட்போன் காதில் இருந்ததால், அவள் வாய் அசைவதுதான் முதலில் தெரிந்தது. பிடுங்கி எறிந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு தையல் போட்டார்கள். நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்று மனைவி சொன்னாள். நர்ஸ் நம்பவில்லை. நம்பியிருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

அன்றைக்கே கூட்டாளிக்குப் போன் போட்டேன். "எனக்கு வேண்டாம்டா. நீ ஆடு. என்னைய விட்டுரு." மனைவிக்கு அடிபட்டதை மட்டும் சொல்லவில்லை.

அவன் வெடித்தான். "ஒரு கேமுடா! ஒரு கேமு வாங்கச் சொன்னா இத்தனை நாளு இழுத்தடிச்சு இப்ப வேண்டாங்கிற! ஒனக்கு என்னலே, ஊருல இருக்க, கடை இருக்கு, பெண்டாட்டி இருக்கு. நான் இங்க கொட்டடியில கெடக்கேன்."

"அதுல முட்டி போட்டு ஒக்காருறானேடா ஒருத்தன். அவனைப் பாத்தியா?"



"பாத்தேன்" என்றான். "நான் அன்னைக்கே வாங்கிட்டேன். ஒனக்கு அனுப்பின அன்னைக்கே."

"அப்புறம்?"

"தனியா ஆடுனா கூட கம்ப்யூட்டரே ஒரு ஆளை விடும். ஒன் எடத்துல, கேடயத்தோட. அது சும்மா சும்மா போய் விழுந்துரும். விழுந்துட்டா, நேரம் முடியுறதுக்குள்ள நான் ஓடிப்போய்த் தூக்கிவிடணும். இல்லைன்னா ரெண்டு பேரும் காலி." மூச்சை இழுத்து விட்டான். "அதுக்குத்தான்டா ஆடுறேன். வெட்டுறதுக்கு இல்ல. அதுல நான் ஓடுனா, ஒன் பக்கமாத்தான் ஓடுறேன்."

டீக்கடையில் ஓடியதைத்தான் சொல்கிறான்.

"ஏலே, நீ ரெஞ்சு எடுக்கத்தானடா ஓடுன."

"எடுக்கத்தான் ஓடுனேனான்னு எனக்கே தெரியாதுடா. வண்டிகிட்ட போயிட்டேன். சாவி கையில இருந்துச்சு. அப்புறந்தான் ரெஞ்சு கண்ணுல பட்டுச்சு. எத்தனை நேரம் நின்னேன்னு தெரியல. நான் நின்ன நேரத்துலதான் அந்தாளு கையைத் தூக்குனாரு. அங்கிருந்து பாத்தேன்."

கோர்ட்டிலும் சொல்லாததைச் சொல்லிவிட்டு, ஆட்டுக்கும் அப்பா காலுக்கும் அழாதவன், அப்போது அழுதான். ஆள் நிறைந்த அறையில் இருந்திருப்பான். பின்னால் யாரோ இந்தியில் என்ன என்ன என்று கேட்பது எனக்குக் கேட்டது. "ரெண்டாவது ஆளு எனக்கு நேரா ஓங்கிட்டான்டா. நீ வரலைன்னா நான் இல்ல. நீ சாவியைத் திருகலைல? அம்புட்டுதான்" என்றேன். அது அவனுக்குப் போதவில்லை என்று தெரியும். ஆனாலும் சொன்னேன். பிறகு மனைவியின் உதட்டைப் பற்றியும் சொன்னேன். ரொம்ப நேரம் திட்டினான். திட்டி முடித்ததும், "வாங்க வேண்டாம்டா. தங்கச்சி உதட்டைப் பாரு" என்று வைத்துவிட்டான்.

மனைவி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். உதடு வீங்கி, பேச்சு ஒரு பக்கமாக வந்தது.

"வாங்குங்க" என்றாள்.

"நீ சொல்றியா?"

"அந்தண்ணன் தூக்கிவிடுறதுக்கு அங்க ஒரு ஆளு வேணும்ல. கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டு என்ன செய்ய? ஆனா காதுல அதை மாட்டாதீக. கதவைச் சாத்தாதீக. நான் பக்கத்துல வரும்போது சத்தம் குடுத்துட்டு வாரேன்."

நாலைந்து நாள் யோசித்துவிட்டு வாங்கினேன். புதிய பதிப்பில் ஒரு வசதி இருந்தது. ரத்தம் வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம். முழங்கால் போடுகிறவனுக்கு முகம் தெரியாமல் பழைய தொப்பியையே மாட்டிவிடலாம். ரெண்டையும் செய்தேன். அவன் எதையும் நிறுத்தவில்லை. அவன் திரையில் எல்லாம் இருக்கிறது, என் திரையில் பனி வெள்ளையாகவே கிடக்கிறது. கடைசி வெட்டை நான் போடுவதில்லை, அவன்தான் போடுகிறான். அந்தச் சத்தம் வரும் என்று தெரிந்தால் நான் ஒலியைக் குறைத்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆடுகிறோம். என் கை சீக்கிரம் சோர்ந்துவிடும், அடிக்கடி விழுகிறேன். "இருடா, எந்திரிக்காத, வந்துட்டேன், வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே நாலு பேரைத் தள்ளிவிட்டு ஓடிவருவான். சில சமயம் வரும் வழியிலேயே வெட்டுப்பட்டுச் சாவான். அப்போது கெட்ட வார்த்தையில் அவனைத் திட்டுவேன். அவன் சிரிப்பான். எனக்கு இன்னும் உடம்பு வியர்க்கத்தான் செய்கிறது. ஆடி முடித்த பிறகு கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

நான்கு மணிக்குக் காபி வரும். சமையலறையிலிருந்து கிளம்பும்போதே அவள் ஆரம்பித்துவிடுவாள். "வாரேன்... வாரேன்... நான்தான் வாரேன்." கூடத்தைத் தாண்டி, அறை வாசலுக்கு வந்து, நான் திரும்பிப் பார்க்கும் வரை அங்கேயே நிற்பாள்.